அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது?

ஆண்டு மலருக்குக் கவிதை கொடு என்றுதான் மலர்க்குழுவில் கேட்டார்கள். நம் மெக்கானிக்கல் பிரிவில் கவிஞர்களுக்குப் பஞ்சம் இல்லை. அதனால் நான் ஒரு கணக்கை எழுதுகிறேன். உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கூட்டல், பெருக்கல், முதல் செமஸ்டரில் நாம் போட்ட மேட்ரிக்ஸ், இவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால் அது போய்ச் சேருகிற இடம் ரொம்ப தூரம்.

1+2+3+4+... என்று முடிவே இல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் -1/12 வரும் என்று ஒரு வீடியோ எல்லார் செல்போனிலும் சுற்றியிருக்கும். ஹாஸ்டலில் அதைப் பார்த்தபோது, "எல்லாமே பாசிட்டிவ் நம்பர், கூட்டினா நெகட்டிவ் எப்படிடா வரும்? நம்ம மெஸ் பில்லும் இப்படி வந்தா நல்லா இருக்குமே" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். எனக்கு அந்தக் கழித்தல் குறி பெரிய உறுத்தலாக இல்லை. உறுத்தியது 12தான். ஏன் 12? ஏன் 10 இல்லை, 7 இல்லை? ஒரு எண் சும்மா வந்து நிற்காது. அது எதையாவது எண்ணியிருக்க வேண்டும். எதை எண்ணியது? இந்த ஒரு கேள்வி என்னை ஒரு வருஷம் இழுத்துக்கொண்டு போனது.

முதலில் கழித்தல் குறியைத் தீர்த்துவிடுவோம். 1+2+4+8+... என்று கூட்டினால் மலையாக ஏறும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 1-லிருந்து அ-வைக் கழித்து, அதால் 1-ஐ வகுத்தால் கிடைக்கும் சூத்திரம், 1+அ+அ²+அ³+... என்ற தொடருக்குச் சமம் என்று படித்திருக்கிறோம். அ-வின் மதிப்பு -1-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். அ = 2 என்று போட்டால் தொடர் செத்துவிடுகிறது; சூத்திரம் மட்டும் உயிரோடு இருந்து -1 என்கிறது. தொடர் நின்றுபோன இடத்துக்கு அப்பாலும் சூத்திரம் போகும். விஷயம் இவ்வளவுதான். -1/12 என்பதும் கூட்டிய விடை அல்ல, நீட்டிய சூத்திரத்தின் விடை. வீடியோக்காரர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சூத்திரத்தின் பெயர் ஜீட்டா சார்பு. 1, 1/4, 1/9, 1/16 என்று வர்க்கங்களின் தலைகீழ்களைக் கூட்டினால் என்ன வரும் என்று பலரும் திணறிக்கொண்டிருந்தபோது, பையின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு என்று 1735-ல் ஆய்லர் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 28. அது ஜீட்டா(2). வர்க்கத்துக்குப் பதில் வேறு அடுக்குகளைப் போட்டுக்கொண்டே போகலாம். அடுக்கு -1 என்று போட்டால் 1+2+3+... வந்து நிற்கும். 1859-ல் ரீமான் இந்தச் சார்பை முறையாக நீட்டிக் காட்டினார். ஜீட்டா(-1) = -1/12. ஜீட்டா(-3) = 1/120. ஜீட்டா(-5) = -1/252. இந்த மதிப்புகள் எல்லாம் பெர்னூலி எண்கள் என்ற ஒரு வரிசையிலிருந்து பிறக்கின்றன.

நம் கும்பகோணத்து இராமானுஜன் 1911-ல் வெளியிட்ட முதல் ஆராய்ச்சிக் கட்டுரையே பெர்னூலி எண்களைப் பற்றியதுதான். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு 1913-ல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இந்த -1/12-ஐயும் எழுதினார். எப்.ஏ. தேறாதவர். இதற்கு மேல் அவரைப் பற்றி நான் எழுதினால் எல்லா மலரிலும் வருகிற கட்டுரையாகிவிடும், எண்ணுக்கே திரும்புகிறேன்.

இப்போது மேட்ரிக்ஸுக்கு வாருங்கள். பத்தாம் வகுப்பில் 'அணிகள்' என்று படித்தோமே, அதேதான். ஒரு நிரையின் மடங்கை இன்னொரு நிரையோடு கூட்டுவது நமக்குத் தூக்கத்தில்கூட வரும். இதை வெறும் பரீட்சைத் தந்திரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் ஒரு பெரிய கணிதக் கிளையே இந்த ஒரு செயலைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் இயற்கணித கே-கோட்பாடு. 'கே' என்பது வகுப்பு என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து; 1957-ல் குரோதெண்டிக் வைத்த பெயர். கே-0, கே-1, கே-2 என்று மாடி மாடியாகப் போகும்.

கீழ்த்தளம் கே-0. 6 என்பதை 2×3 என்று ஒரே விதமாகத்தான் பகா எண்களாக உடைக்க முடியும். ஆனால் -5-ன் வர்க்கமூலத்தையும் முழு எண்களோடு சேர்த்துக்கொண்டால், 6 = (1+√-5)(1-√-5) என்று இன்னொரு விதமும் வந்துவிடும். இப்படி வர்க்கமூலம் போன்றவற்றைச் சேர்த்து விரித்த எண் கூட்டத்துக்கு எண் புலம் என்று பெயர். பகாக் காரணிப் பிரிப்பு எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்பதை எண்ணிக் காட்டுவது கே-0. காஞ்சிபுரத்தில் 1932-ல் பிறந்த சேஷாத்ரி 1958-ல் நிறுவிய புகழ்பெற்ற முடிவு ஒன்றும் இந்தத் தளத்தைச் சேர்ந்த கேள்விதான். சென்னைக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்.

முதல் மாடி கே-1. முழு எண்களால் ஆன ஒரு மேட்ரிக்ஸ், அதன் தலைகீழும் முழு எண்களால் ஆனது என்று வையுங்கள். நிரைகளைக் கூட்டிக் கழித்து எவ்வளவு மாற்றினாலும் மாறாமல் மிஞ்சுவது எது? டிடெர்மினன்ட். அது 1 அல்லது -1. ஆக, மிஞ்சுவது இரண்டே சாத்தியங்கள்.

இரண்டாம் மாடிதான் அழகு. இங்கே மேட்ரிக்ஸை எண்ணுவதில்லை, செயல்களுக்கு இடையே உள்ள உறவுகளைப் பார்க்கிறார்கள். ஒரு தாளை எடுத்து 7, 3 என்று எழுதுங்கள். 7 மேல் நிரை, 3 கீழ் நிரை. மேலோடு கீழைக் கூட்டுங்கள்: 10, 3. கீழிலிருந்து மேலைக் கழியுங்கள்: 10, -7. மறுபடி மேலோடு கீழைக் கூட்டுங்கள்: 3, -7. பார்த்தீர்களா, இரண்டும் இடம் மாறி ஒன்றுக்குக் கழித்தல் குறி வந்துவிட்டது. வரைபடத் தாளில் குறித்தால் 90 டிகிரி திரும்பியிருக்கும். இதே மூன்று படிகளை இன்னும் மூன்று தடவை செய்தால் -7, -3. பிறகு -3, 7. பிறகு 7, 3. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம். மொத்தம் 12 படிகள். (12 என்றதும் துள்ள வேண்டாம். கே-2 எண்ணுவது படிகளை அல்ல.)

நிரைச் செயல்களுக்குச் சில வெளிப்படையான விதிகள் உண்டு. இரண்டு மடங்கு கூட்டி, பிறகு மூன்று மடங்கு கூட்டினால் ஐந்து மடங்கு கூட்டியதற்குச் சமம். சம்பந்தமில்லாத நிரைகளில் எதை முதலில் செய்தாலும் ஒன்றுதான். முதல் நிரையில் இரண்டாவதையும், இரண்டாவதில் மூன்றாவதையும் கூட்டி, அதே வரிசையில் இரண்டையும் திரும்பக் கழித்தால் முதல் நிரையில் மூன்றாவது மிச்சம் நிற்கும். எந்த எண்களை வைத்தாலும் இவை பொருந்தும். கேள்வி என்னவென்றால், நாம் செய்த அந்த 12 படிச் சுற்று இந்த விதிகளிலிருந்து தானாக வந்துவிடுமா? வராது! மூன்று நிரைக்கும் மேற்பட்ட பெரிய மேட்ரிக்ஸ்களில்கூட வராது. அது முழு எண்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு ரகசிய உறவு. அதே சுற்றை இரண்டு முறை சேர்த்துச் செய்தால் மட்டும் விதிகளிலிருந்து வந்துவிடும். கே-2-ஐ வரையறுத்த மில்னர் இதைத் தன் 1971-ம் வருஷப் புத்தகத்தில் விளக்கியிருக்கிறார். ஆக, சாதாரண முழு எண்களுக்குக் கே-2-ல் இருப்பவை இரண்டே: ஒன்றும் இல்லாதது, அப்புறம் அந்த ஒரு ரகசியம். எண்ணிக்கை 2.

இன்னொரு எண்ணும் வேண்டும். 5, 7, 11, 13 இவற்றின் வர்க்கங்கள் 25, 49, 121, 169. எல்லாவற்றையும் 24-ஆல் வகுங்கள். மீதி 1, 1, 1, 1. 2-ஆலும் 3-ஆலும் வகுபடாத எந்த எண்ணை எடுத்தாலும் அதன் வர்க்கம் 24-ன் மடங்கைவிட ஒன்று கூடுதல். 24-ஐ விடப் பெரிய எந்த எண்ணுக்கும், அதோடு பொதுக் காரணி இல்லாத எல்லா எண்களிடமும் இப்படி நடக்காது. (செமஸ்டர் லீவில் ஒன்றரை நாள் இதற்கே போனது. வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.)

இப்போது மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். 24-ஐ 1/12-ஆல் பெருக்கினால் 2. ஜீட்டா சொல்லும் 12-ம், வர்க்க மீதி சொல்லும் 24-ம் சேர்ந்து, நிரைச் செயல்களுக்குள் எத்தனை ரகசியம் என்று சொல்லிவிடுகின்றன!

ஒரு தடவை ஒத்து வந்தால் குருட்டு அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். 1970 வாக்கில் பிர்ச், டேட் என்ற இருவர், எப்படிப் பொதித்தாலும் மெய்யெண்களுக்குள்ளேயே அடங்கும் எண் புலங்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் நடக்கும் என்று ஊகித்தார்கள். ஒவ்வொரு எண் புலத்துக்கும் சொந்தமாக ஒரு ஜீட்டா சார்பு உண்டு, டெடிகிண்ட் கொடுத்தது. அதன் -1-ம் மதிப்பை எடுத்து, அந்தப் புலத்துக்கு உரிய '24'-ஆல் பெருக்கினால், கழித்தல் குறி வந்தால் அதை விட்டுவிட்டு, கே-2-ன் எண்ணிக்கை கிடைக்க வேண்டும்.

√5-ஐச் சேர்த்த புலத்துக்கு நாமே போட்டுப் பார்க்கலாம். பயப்படாதீர்கள், சீகல் என்ற ஜெர்மன் கணிதர் வழியில் வரும் ஒரு சுருக்கு வழி இருக்கிறது. தன்மைக்காட்டி 5. வர்க்கம் 5-ஐ விடச் சிறியதாகவும், 5-ஐப் போல் ஒற்றையாகவும் இருக்கும் முழு எண்கள் எவை? 1, -1 இரண்டுதான். 5-லிருந்து 1-ன் வர்க்கத்தைக் கழித்து 4-ஆல் வகுத்தால் 1. 1-ன் காரணிகளின் கூட்டுத்தொகை 1. -1-க்கும் அதே 1. மொத்தம் 2. இதை 60-ஆல் வகுத்தால் 1/30. முடிந்தது, அதுதான் இந்தப் புலத்தின் ஜீட்டா(-1). முடிவில்லாத ஒரு கூட்டலின் நீட்சி, இரண்டு விரல் மடக்கும் கணக்கில் அடங்கிவிட்டது! இந்தப் புலத்துக்கு 24-ன் இடத்தில் நிற்பது 120. 11, 19, 29, 31 என்று 1-லோ 9-லோ முடிந்து, 3-ஆல் வகுபடாத எண்களை எடுங்கள். வர்க்கங்கள் 121, 361, 841, 961. எல்லாமே 120-ன் மடங்கைவிட ஒன்று கூடுதல். 120-ஐ 1/30-ஆல் பெருக்கினால் 4. கே-2-ன் எண்ணிக்கையும் 4-தான்.

இதை நான் என் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கொத்தனார். நான் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள். அதனால் என் படிப்பில் அவர் கேள்வி கேட்பது அபூர்வம். லீவில் அவரோடு கையாளாகப் போகும்போது பார்த்திருக்கிறேன்: வானம் தோண்டுவதற்கு முன்னால் நான்கு மூலைக்கும் முளை அடித்து நூல் கட்டுவார். மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகும் திருப்தி வராது. இந்த மூலைக்கும் எதிர்மூலைக்கும் டேப் பிடித்து அளப்பார். மற்ற இரண்டு மூலைகளையும் அளப்பார். இரண்டு குறுக்களவும் ஒன்றானால்தான் மண்வெட்டியை எடுக்க விடுவார். அதனால் அவர் பாஷையிலேயே சொன்னேன். ஒருத்தர் ஒரு மூலையிலிருந்து அளந்தார், இன்னொருத்தர் வேறு மூலையிலிருந்து அளந்தார், இரண்டும் ஒன்றாக வந்திருக்கிறது என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ரெண்டு பேரும் தனித்தனியா அளந்தாங்களா, இல்ல ஒருத்தன் சொன்ன அளவைக் கேட்டுட்டு இன்னொருத்தன் டேப்பை இழுத்துப் பிடிச்சானா?"

இத்தனை மாதத்தில் இந்தக் கணக்கைப் பற்றி நான் கேட்ட கேள்விகளில் இதுதான் சரியான கேள்வி. தனித்தனியாகத்தான் அளந்தார்கள். ஆய்லர் காலத்தில் கே-2 என்று ஒரு சரக்கே கிடையாது. மில்னர் அதை வரையறுக்கும்போது ஜீட்டாவைத் தொடவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் 200 வருஷத்துக்கு மேல். ஆனாலும் இரண்டு அளவு ஒத்துப்போவது நிரூபணம் ஆகாது. அப்பா இரண்டு குறுக்களவு ஒத்துப்போனாலும் நான்கு பக்கத்தையும் இன்னொரு தரம் அளக்கிறவர். கணிதக்காரர்களும் விடவில்லை. 1984-ல் மேசூர், வைல்ஸ் இருவரும் செய்த வேலையாலும், 1990-ல் வைல்ஸ் தனியாகச் செய்த வேலையாலும் √5 போன்ற புலங்களுக்கு இது ஊகம் என்ற நிலை தாண்டிவிட்டது. பெர்மாவின் கடைசித் தேற்றத்தை முடித்து வைத்த அதே வைல்ஸ்தான்.

மேல்மாடிகளும் இருக்கின்றன. கே-3, கே-4 என்று முடிவில்லாமல் போகும் எல்லா மாடிகளையும் 1970-களின் தொடக்கத்தில் குவில்லன் வரையறுத்தார். 1978-ல் பீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். அடுத்தடுத்த இரண்டு மாடிகளின் எண்ணிக்கையை ஒன்றால் ஒன்றை வகுத்தால் ஜீட்டாவின் மதிப்பு வரும் என்று 1973-ல் லிக்டன்பாம் ஊகித்தார். முழு எண்களுக்குக் கே-2-ல் 2, கே-3-ல் 48. வகுத்தால் 1/24. வேண்டியது 1/12. 2-ன் அடுக்கு விஷயத்தில் மட்டும் அந்த ஊகம் இப்படிக் கொஞ்சம் இடறும். அது தெரிந்த இடறல்தான்.

22-ம் மாடியில் இன்னொரு சங்கதி. கே-22-ல் 691 உறுப்புகள், கே-23-ல் 65520. ஜீட்டா(-11) எவ்வளவு தெரியுமா? 691/32760. இங்கேயும் அதே 2 மட்டும்தான் வித்தியாசம். இந்த 691-ஐ இராமானுஜனும் சந்தித்திருக்கிறார். அவருடைய டவ் சார்பில் 2-க்கு உரிய மதிப்பு -24. 2-ன் காரணிகள் 1, 2. அவற்றின் 11-ம் அடுக்குகளைக் கூட்டினால் 1+2048 = 2049. இரண்டுக்கும் வித்தியாசம் 2073. அதாவது 3×691. எல்லா எண்களுக்கும் இந்த வித்தியாசம் 691-ஆல் வகுபடும். கே-கோட்பாடு பிறப்பதற்கு முன்பே அவர் பார்த்த பகா எண், பிற்காலத்தில் வோவோட்ஸ்கி, ரோஸ்ட் முதலானோர் பாடுபட்டுத் திறந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறது.

4, 8, 12 என்று நாலின் மடங்கில் வரும் மாடிகள் எல்லாம் காலி என்று நம்பப்படுகிறது. கே-4 காலி என்று 2000-ல் ரோக்னஸ் காட்டினார். கே-8 காலி என்று காட்ட 2019 வரை ஆனது, அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் கணக்கும் தேவைப்பட்டது. ஒரு மாடி காலி என்று சொல்லவே இவ்வளவு பாடு!

"இதனால என்ன யூஸ்?" என்று கேட்பீர்கள். லேத்துக்கும் மில்லிங்குக்கும் ஒரு பயனும் இல்லை. பயன் உண்டு என்று பொய் சொல்லி இதைப் படிக்க வைக்க எனக்கு விருப்பம் இல்லை. விவரம் தெரிந்த ஒருவரிடம் இதை மேற்கொண்டு படிக்க வழி கேட்டபோது, "டிப்ளமோ பையனுக்கு இதெல்லாம் எதுக்குப்பா, லேட்டரல் என்ட்ரியில பி.இ. சேரு, இல்லன்னா வேலைக்குப் போ" என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம். வேலைக்குத்தான் போகிறேன். கேம்பஸில் கிடைத்த கம்பெனி ஜூலையில் வரச் சொல்லியிருக்கிறது. தங்கை பிளஸ் ஒன் சேருகிறாள், வீட்டுக்குப் பணம் வேண்டும். ஆனால் 'எதுக்குப்பா' என்ற மீதிப் பாதியை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒளிந்திருந்த உறவு நாம் பரீட்சையில் போட்ட அதே நிரைச் செயலுக்குள்தானே இருந்தது? அதைப் பார்க்க எந்தக் கேட்டில் யார் அடையாள அட்டை கேட்பார்கள்? ஷிப்ட் முடிந்த பிறகு போட ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அதில் இதுவரை போட்டவை: √2-க்கு 4, √3-க்கு 4, √13-க்கு 4, √17-க்கு 8, √21-க்கு 8. √6-க்கு 12, முதன்முதலாக ஒரு 3 உள்ளே நுழைகிறது. √5-க்கு 120, √2-க்கு 48, மற்ற நேர் வர்க்கமூலப் புலங்கள் எல்லாவற்றுக்கும் பழைய 24-தான். √7-ஐ உங்களுக்கு விட்டுவைக்கிறேன். அதன் தன்மைக்காட்டி 28. இரட்டை எண்களை எடுக்க வேண்டும், பூஜ்ஜியத்தை விட்டுவிடாதீர்கள். விடை 16 வர வேண்டும். வரவில்லை என்றால் மே மாதத்துக்குள் மூன்றாமாண்டு மெக்கானிக்கல் பி செக்ஷனுக்கு நோட்டோடு வாருங்கள், உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.